மீட்டர் வேலை செய்யாத படகைக் கடலுக்கு அனுப்பாதீர்கள்: விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் படகு முதலாளிகளுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கிற நேரம். பலகை மாற்றுகிறீர்கள், பெயின்ட் அடிக்கிறீர்கள், மடி என்கிற இழுவலையைத் தைக்கிறீர்கள், இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கிறீர்கள். லட்சக்கணக்கில் செலவு, அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கி. உங்கள் படகுகளில் டீசல் இன்ஜின் வேலை பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் இது எனக்கு நன்றாகவே தெரியும். இந்தச் செலவுக் கணக்கில் வருடா வருடம் விட்டுப்போகிற ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். வீல் ஹவுஸில் டிரைவருக்கு முன்னால் இருக்கிற மீட்டர் பேனலைச் சொல்கிறேன்.

பல படகுகளில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடிக்குள் உப்புப் பூத்து எண்கள் மறைந்திருக்கும். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் டெம்பரேச்சர் முள் ஒரே இடத்தில் நிற்கும். ஆயில் பிரஷர் மீட்டர் இருந்த துளையில் துணி அடைத்திருக்கும். பேனலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால், பஸ்ஸருக்குப் போகிற வயர் வெட்டப்பட்டு நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். கேட்டால், "சும்மா சும்மா கத்துச்சு, அதான் கழட்டி விட்டோம்" என்பார்கள். பஸ்ஸர் சும்மா கத்தாது. சென்ஸர் கெட்டிருக்கலாம், வயரில் உப்புத் தண்ணீர் ஏறியிருக்கலாம், நிஜமாகவே ஆயில் குறைந்திருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்காமல் வயரை வெட்டிவிட்டால், உண்மையான ஆபத்து வருகிற அன்றைக்கு அதைச் சொல்ல அந்தப் படகில் எதுவும் இருக்காது.

நான் கேட்பது இரண்டு. ஆயில் பிரஷர், தண்ணீர் சூடு, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று), கியர் பிரஷர், பேட்டரி வோல்ட் ஆகிய ஐந்தையும் சரியாகக் காட்டாத எந்தப் படகும் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகக் கூடாது என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போட வேண்டும். முள்ளைப் பார்த்து இன்ஜினை நிறுத்திய டிரைவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆயில் பிரஷர். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்குகிற பேரிங்கும் ஒன்றை ஒன்று தொடாமல் சுழல்வது நடுவில் இருக்கிற மெல்லிய ஆயில் படலத்தால்தான். அந்தப் படலம் அறுந்தால் சில நிமிடங்களே போதும். அப்படிப் போன இன்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்தில் வந்து பாருங்கள். பேரிங் ஷெல்லின் மேலே இருக்க வேண்டிய சாம்பல் நிற உலோகம் வழித்து எடுக்கப்பட்டு, அடியில் இருக்கிற செம்பு நிறம் தெரியும். சில ஷெல் இடம் பெயர்ந்து சுழன்றே போயிருக்கும். கிராங்கில் அந்த இடம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் கோடு கோடாகத் தட்டும். ஒரு மீட்டர், ஒரு சென்ஸர், ஒரு முழ வயருக்கு யோசித்தவர் அதற்கப்புறம் கிராங்க் அரைக்கவும் புது பேரிங் போடவும் செலவழிக்கிறார். அந்த நாட்களில் படகு கரையில் நிற்கிற நட்டம் தனி.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் அதிகமாகக் காட்டும். ஆயில் கெட்டியாக இருப்பதால் அப்படி. சூடேறி வேலை செய்கிற ஆர்.பி.எம்.முக்கு வந்தபின் நம் படகுகளில் இருக்கிற பெரும்பாலான இன்ஜின்களில் 3 முதல் 5 பார் வரை நிற்கும். ஐடிலில், அதாவது லோடு இல்லாமல் மெதுவாக ஓடும்போது, 1 அல்லது 2 பார். சரியான அளவு அந்தந்த இன்ஜின் புத்தகத்தில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பழைய லாரி இன்ஜின்களின் மீட்டரில் கிலோ கணக்கு, சிலவற்றில் பி.எஸ்.ஐ., சீன இன்ஜின்களில் மெகாபாஸ்கல். ஒரு படகில் 4 என்று பார்த்துப் பழகிய டிரைவர் இன்னொரு படகில் ஏறி 0.4 என்று பார்த்தால் பயந்துபோகிறார், அல்லது மீட்டர் கெட்டுவிட்டது என்று விட்டுவிடுகிறார். 0.4 மெகாபாஸ்கல் என்றால் 4 பார். பி.எஸ்.ஐ. கணக்கில் ஏறக்குறைய 58. கிலோ கணக்கும் பார் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை ஒரு அட்டையில் எழுதி பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். (சீன இன்ஜின் வைக்கலாமா கூடாதா என்ற சண்டை வேறு. அதற்குள் நான் போகவில்லை.)

எண்ணை விட முக்கியம், முள் எப்படி நடந்துகொள்கிறது என்பது. நேற்று இதே ஆர்.பி.எம்.மில் 4 காட்டியது இன்று 3 என்றால், 3 இன்னும் நல்ல அளவுதானே என்று விடக் கூடாது. ஆயிலில் டீசல் கலந்து நீர்த்திருக்கலாம். ஆயில் மட்டம் பார்க்கிற ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைந்திருந்தால் மட்டுமல்ல, ஏறியிருந்தாலும் கெட்ட செய்திதான். டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர். அந்த இன்ஜினை ஓட்டவே கூடாது.

படகு அலையில் சாயும்போது முள் ஒரு நொடி கீழே போய்த் திரும்ப மேலே வருகிறதா என்றும் பாருங்கள். சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியில், ஆயில் குறைவாக இருந்தால், படகு சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். துறைமுகத்துக்குள் இது தெரியவே தெரியாது. கடல் பொங்குகிற அன்றுதான் தெரியும், அதாவது இன்ஜின் நிற்கவே கூடாத அன்றைக்கு.

இது பெரிய கப்பலுக்கே நடந்திருக்கிறது. 2019 மார்ச் 23 அன்று நார்வே நாட்டின் ஹுஸ்டாட்விகா கடல் பகுதியில் வைகிங் ஸ்கை என்ற பயணிகள் கப்பல் புயலில் மாட்டியது. கப்பலில் 1,373 பேர். நான்கு இன்ஜின்களில் ஒன்று ஏற்கெனவே பழுதில் இருந்தது, ஓடிக்கொண்டிருந்த மூன்றும் நின்றுபோயின. கப்பல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. ஹெலிகாப்டர்கள் வந்து 479 பயணிகளைத் தூக்கிச் சென்றன. நல்லவேளையாக இன்ஜின்களைத் திரும்ப ஓட வைக்க முடிந்ததால் கப்பல் தப்பியது. காரணம் என்ன தெரியுமா? ஆயில் டேங்க்கில் மட்டம் குறைவாக இருந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பம்ப்புக்கு ஆயில் கிடைக்கவில்லை. பிரஷர் இறங்கியதும் இன்ஜின்கள் தாமாக நின்றுவிட்டன. அன்று காலையிலிருந்தே ஆயில் குறைவு என்று அலாரம் பலமுறை வந்திருக்கிறது. வந்த ஒவ்வொன்றும் சில நொடிகளில் அடங்கிப்போனதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்த இன்ஜினியர்களும் கம்ப்யூட்டர் பேனலும் இருந்த கப்பலிலேயே நிலைமை இது என்றால், வயர் வெட்டிய பஸ்ஸரோடு, நாள் கணக்கில் தங்கி மீன் பிடிக்கத் தங்குகடலுக்குப் போகிற நம் படகை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர் சூடு. இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர், அதைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். இரண்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கலக்காமல் உரசிப் போகின்றன. பெரும்பாலான இன்ஜின்களில் முள் 75 முதல் 90 டிகிரிக்குள் நிற்கும். மேலே ஏற ஆரம்பித்தால் முதல் சந்தேகம் கடல் தண்ணீர்ப் பக்கம். அந்தத் தண்ணீரை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னரில் பிளாஸ்டிக் பை, கடல்பாசி, சொறி மீன் அடைத்திருக்கும். அல்லது பம்ப்பில் இருக்கிற ரப்பர் இம்பெல்லரின் இறகு பிய்ந்திருக்கும். பிய்ந்த துண்டு எங்கே போனது என்று தேடி எடுக்காமல் புது இம்பெல்லரை மட்டும் போட்டுக்கொண்டு போனால், அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய் உட்கார்ந்து திரும்பவும் சூடேற்றும். ஸ்டார்ட் செய்ததும் வெளியே தண்ணீர் விழுகிறதா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் பழைய டிரைவர்களிடம் உண்டு. அது போய்விடக் கூடாது.

ஒரு விஷயத்தை டிரைவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியாக வேண்டும். ஹோஸ் கிழிந்து நல்ல தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போனால், டெம்பரேச்சர் சென்ஸர் தண்ணீரில் முங்கி இருக்காது, வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் நிற்கலாம், இறங்கவும் செய்யலாம். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், மேலே மீட்டர் எல்லாம் நலம் என்று காட்டும். அதனால் முள் ஏறினால் மட்டுமல்ல, காரணமில்லாமல் இறங்கினாலும் கீழே போய்ப் பார்க்க வேண்டும். சூடேறுகிறது என்பதற்காக, தண்ணீர் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது வைத்தியம் இல்லை. சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி இன்னும் சூடேறும். மற்றவற்றில் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பிஸ்டன் ஓடுகிற லைனர் சீக்கிரம் தேயும்.

சூடேறிய இன்ஜினை என்ன செய்வது? மடி இழுத்துக்கொண்டிருந்தால் உடனே லோடைக் குறைத்து ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள், காரணத்தைத் தேடுங்கள். முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றுகிற மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். ஆனால் ஆயில் பிரஷர் விழுந்தால் கதை வேறு. அங்கே ஐடில் கிடையாது, யோசனை கிடையாது, அந்த நொடியே நிறுத்த வேண்டும். டிரைவர்கள் பலருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வோல்ட் மீட்டரை லைட்டுக்கான மீட்டர் என்று நினைக்கிறார்கள். 24 வோல்ட் படகில் இன்ஜின் ஓடும்போது 27, 28 காட்ட வேண்டும். திடீரென்று 24-க்கு இறங்கினால் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. வோல்ட் இறங்கியதைப் பார்த்தவருக்குச் சூடு ஏறுவதற்கு முன்பே செய்தி கிடைத்துவிடுகிறது. ஆர்.பி.எம். மீட்டரும் அப்படித்தான். திராட்டில் அதே இடத்தில் இருக்க ஆர்.பி.எம். குறைந்து கறுப்புப் புகை வந்தால், புரொப்பல்லரில் கயிறோ வலையோ சுற்றியிருக்கலாம், மடி சேற்றில் இறங்கியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் திராட்டில் கொடுத்துப் பார்ப்போம் என்பதுதான் அங்கே செய்யக் கூடாத வேலை. கியர் பிரஷர் குறைந்தால் கிளட்ச் வழுக்கித் தீய்ந்துபோகும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? மடி இழுக்கும்போது இரவு இரண்டு மணிக்கு டிரைவர் ஒருவர்தான் விழித்திருப்பார். ஜி.பி.எஸ்., ஆழம் காட்டுகிற எக்கோ, பக்கத்துப் படகு என்று அவர் கண் எல்லாப் பக்கமும் ஓட வேண்டும். அதனால்தான் வேலை செய்கிற பஸ்ஸர் வேண்டும் என்கிறேன். கூடவே ஒரு நோட்டு. மணிக்கு ஒரு முறை ஐந்து எண்களைப் பென்சிலில் எழுதினால் போதும். கப்பல்களில் காலங்காலமாக இருக்கிற வழக்கம் இது. எழுதுவதற்காகவாவது கண் மீட்டரிடம் போகும். பழுது வந்தால் அந்த நோட்டைப் பார்த்தே என்னைப் போன்ற மெக்கானிக் பாதி வேலையை முடித்துவிடுவான். கீழே இன்ஜின் ரூமுக்கு இறங்கிப் பார்க்கிறவர் கைலி, தோளில் துண்டு என்று இறங்கக் கூடாது. ஓடுகிற பெல்ட்டும் ஷாஃப்டும் துணியைப் பிடித்தால் ஆளை விடாது. அந்த இடங்களுக்குத் தகரத்தில் மூடி செய்து போடுவது தடைக்காலத்தில் அரை நாள் வேலை.

இப்போது அந்த இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். முள் இறங்குவதை டிரைவர் பார்க்காமல் இருப்பதை விட, பார்த்தும் நிறுத்தாமல் ஓட்டுவதுதான் அதிகம் நடக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீசலும் ஐஸும் ஏற்றியாகிவிட்டது. படகில் இருக்கிற எல்லோருக்கும் பங்குக் கூலி. மீன்பாடு இல்லையென்றால் வீட்டுக்கு எதுவும் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கரைக்கு போன் போட்டால் முதலில் வருகிற கேள்வி, "எதுக்கு நிறுத்தின?" ஒரு முறை இந்தக் கேள்வி காதில் விழுந்த டிரைவர் அடுத்த முறை நிறுத்த மாட்டார். எப்படியாவது கரைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஓட்டுவார். கிராங்க் போகிற கதை அநேகமாக அங்கேதான் தொடங்குகிறது. முதலாளிகளே, நிறுத்தியதற்குக் கேள்வி கேட்காதீர்கள். நிறுத்தியது தேவையில்லாமல் போனால்கூட அந்த மீன்பாட்டின் நட்டத்தைச் சங்கமும் முதலாளியும் ஏற்றுக்கொள்கிற ஒரு வழியைப் பேசி முடிவு செய்யுங்கள். நிறுத்தினால் தன் கூலி போய்விடும் என்று பயப்படுகிற ஆளிடம் எவ்வளவு நல்ல மீட்டரைக் கொடுத்தாலும் பயனில்லை.

இன்ஜின் போனால் பணம் மட்டும் போவதில்லை. ராமேசுவரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கத்துப் படகுகளுக்கு இது நன்றாகத் தெரியும். பாக் நீரிணையில் இன்ஜின் நின்ற படகை நீரோட்டமும் காற்றும் எல்லைக்கோட்டைத் தாண்டி இழுத்துப்போகும். பழுதாகித்தான் வந்தோம் என்று அந்தப் பக்கத்தில் நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கின்றன. அங்கே இன்ஜின் நின்றால் கட்டி இழுத்துவர இன்னொரு படகு கிடைப்பதே அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அந்தப் படகின் மீன்பாடும் சேர்ந்து போகும். புயல் செய்தி வந்த நேரத்தில் இன்ஜின் இல்லாத படகு, அலைக்கு முகம் கொடுத்து நிற்கவும் முடியாமல் குறுக்கே விழும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில் பிரஷர் இல்லாததால் அந்த நேரத்தில் பஸ்ஸர் கத்த வேண்டும், சிவப்பு லைட் எரிய வேண்டும். கத்தவில்லை என்றால் அது செத்துவிட்டது. டெம்பரேச்சர் சென்ஸரின் வயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொட்டால் முள் ஒரு ஓரத்துக்கு ஓட வேண்டும். ஓடினால் மீட்டரும் வயரும் சரி, சந்தேகம் சென்ஸர் மேல். சென்ஸரைக் கழற்றிச் சுடுதண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுப் பார்க்கலாம். முடிந்தவர்கள் கரன்ட்டில் வேலை செய்கிற மீட்டரோடு கூட, செப்புக் குழாயில் நேரடியாக வேலை செய்கிற ஒரு ஆயில் பிரஷர் மீட்டரையும் இன்ஜின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனாலும் அது காட்டும். நல்ல நிலையில் மடி இழுக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடி மேல் பச்சை பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். எண் படிக்கத் தெரியாதவரும் கோட்டை விட்டு முள் நகர்ந்ததைச் சொல்லிவிடுவார்.

மீன்வளத் துறைக்கும் சங்கங்கள் வழியாக ஒரு கோரிக்கை. தடைக்காலத்தில் அதிகாரிகள் ஒவ்வொரு படகாக ஏறி ஆய்வு செய்கிறார்கள். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி பஸ்ஸர் கத்துகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை ஆய்வுப் படிவத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். சென்னையில் மத்திய அரசின் சிஃப்நெட் மீன்பிடிப் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இரண்டு இடத்திலும் இன்ஜின் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தடைக்காலத்தில் டிரைவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தச் சங்கங்கள் எழுதிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். வகுப்பு துறைமுகத்திலேயே, ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் நடக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் டிரைவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் நான் வருகிறேன், கூலி வேண்டாம். பழைய பேனல் ஒன்று, நல்ல சென்ஸர், கெட்ட சென்ஸர், ஒரு அடுப்பு, சட்டி நிறையத் தண்ணீர், தேய்ந்த பேரிங் ஷெல் எல்லாம் எடுத்து வருவேன். டிரைவர்களோடு முதலாளிகளும் வந்து உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. ஜூன் 14-க்கு முன்னால் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
துறைமுகத்தில் டீசல் இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்